கறுப்புப் பட்டியலில் ஓர் ஒப்பந்ததாரர்

இயற்கை என்கிற ஒப்பந்ததாரரை உடனே கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஓர் அங்குல மண் போட்டுத்தர ஆயிரம் வருடம்வரை இழுத்தடிக்கிற ஆளை எந்தத் துறை பொறுத்துக்கொள்ளும்?

வேலை நடக்கிற லட்சணத்தைப் பாருங்கள். பகலில் பாறையைக் காயவைப்பது, இரவில் குளிரவைப்பது, விரிசல் விட்டதும் மழையை அனுப்புவது. அந்த மழையும் கரியமில வாயு கரைந்த, வீரியமே இல்லாத அமிலம். அதை வைத்துக்கொண்டு ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகட்டும், இரும்பு துருவேறிச் சிவக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது. உள்குத்தகை வேறு: பாசி, பூஞ்சை, வேர், கறையான், மண்புழு. ஒருவருக்கும் மஸ்டர் ரோல் கிடையாது. கமிஷன் கேட்டுப் போனால் காய்ந்த சருகைக் காட்டும்.

நம் ஆட்கள் அப்படியா? கோவை தடாகத்தில், மலையடிவாரத்துச் செம்மண்ணைச் செங்கல் சூளைகளுக்காகப் பொக்லைன் வைத்து அள்ளி, பள்ளத்தாக்குக்குள்ளேயே பள்ளம் போட்டுக் காட்டினார்கள். ஓடையும் அவர்களைத் தடுக்கவில்லை, யானை வழியும் தடுக்கவில்லை. வழக்கு, நீதிமன்றம் என்று அலைந்த பிறகு 2021-ல்தான் சூளைகள் மூடப்பட்டன. அதுவரை ஓடிய லாரிகள் எந்த அதிகாரி கண்ணிலும் படவில்லை. புழுதி அவ்வளவு அடர்த்தி போலிருக்கிறது.

மண் வியாபாரத்தில் கணக்கு யூனிட்டில். ஒரு யூனிட் 100 கன அடி. அதை ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. மனை விற்றே வளர்ந்த நாட்டில் இந்தக் கணக்கு தெரியாதவர் உண்டா? அரை கிரவுண்டில் பல நூறு வருடம் சேர்ந்தது ஒரு யூனிட். டிப்பர் ஒரே நடையில் பல யூனிட் ஏற்றும், டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள். கட்டுமானத்துக்கு நிரப்பும் மண்ணை மத்திய அரசு 2000-லேயே சிறுகனிமப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீனியரேஜ் என்கிற கனிமக் கட்டணம் கட்டினால் நடைச்சீட்டு. கட்டாவிட்டால் ராத்திரி நடை. சீட்டில் வண்டி எண்ணுக்கு இடமுண்டு, மண்ணின் வயதுக்கு இல்லை.

"அடியில் கிடப்பதும் மண்தானே?" என்பார்கள். மட்கும் நுண்ணுயிரும் மேல்மண்ணோடு லாரியேறிவிட்டன. அடிமண்ணில் விதைத்துவிட்டு, பயிர் தேறவில்லையே என்று உரக்கடைக்கு நடக்க வேண்டியதுதான். மண் விற்ற காசு அந்தக் கடையிலேயே செலவாகிவிடும்.

டிசம்பர் 5 உலக மண் நாள். பிடி மண்ணோடு போட்டோ எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பார்கள். யாராவது ஒரு சிறுமி தன் ஊர்ப் பள்ளத்தை அப்படியே வரைந்துவிட்டால் அவளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடையாது.