பாலத்துக்கு அடியில்

வாப்பாவுடன் முதன்முதலில் முகமது அலி ரோட்டுக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. தாராவியில் எங்களுக்குத் தோல் பை தைக்கிற தொழில். மெஷினில் ஏதாவது தேய்ந்தால் சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டுக்குத்தான் போவார். கோணியில் பழைய பாபின் கேஸ்களைக் குவித்து வைத்திருப்பார்கள். வாப்பா ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டிப் பார்ப்பார். நகம் சிக்கினால் நூலும் அறும், திரும்பப் போட்டுவிடுவார். ஒரு பாபின் கேஸ் வாங்க ஒரு மணி நேரம் ஆகும்.

பிறகு கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் நடந்து ஜும்மா மசூதி. 1802-ல் கட்டி முடித்தது. உள்ளே ஒரு பெரிய குளம். தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பும் கல் வளைவுகள் மசூதியைத் தாங்கி நிற்கும். படியில் உட்கார்ந்து ஒளு செய்யும்போது மீன்கள் கிட்டே வரும். "நம்ம தாமிரபரணி மாதிரியே இருக்குல்ல?" என்பார். எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் 1887-ல் தாராவியில் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் இந்தக் குளத்தங்கரையில் ஒரு வக்து தொழாமல் திரும்ப அவருக்கு மனம் வராது.

2002-ல் முகமது அலி ரோட்டுக்கு மேல் ஜே.ஜே. மேம்பாலம் வந்தது. நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். அதற்கு மக்தூம் அலி மாஹிமியின் பெயர். குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய அந்த மகானின் தர்கா எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நம் அவுலியா பெயராயிற்றே என்று மகிழ்ந்தேன். டாக்ஸியில் ஏறினால் நாலைந்து நிமிடத்தில் பேட்டை முழுவதும் காலடியில் கழிந்துவிடும். மினாரா மஸ்ஜிதின் மினார் கண்ணில் படும், வாசல் படாது. வாப்பா மௌத்தான பிறகு நான் கீழே இறங்கவே இல்லை.

போன ரமலானில் மகன் பைக்கில் கூட்டிப்போனான். பாலத்தில் பைக்குக்கு அனுமதி கிடையாது. அதனால் கீழ் வழி. கடைகளில் மண் கிண்ணத்துப் பிர்னியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேண்டி பஜாரில் 16.5 ஏக்கரைப் புதுப்பிக்கும் திட்டத்தில், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த பழைய கட்டடங்கள் போய் கோபுரங்கள் எழுகின்றன. பொதுக் கக்கூஸுக்கு வரிசையில் நின்றே வளர்ந்தவன் நான். தனிக் குளியலறையோடு வீடு கிடைத்தவர்களை நினைத்தால் நிஜமாகவே சந்தோஷம். தாராவிக்கும் அப்படியொரு திட்டம் வந்திருக்கிறது. கோணி விரித்துப் பிழைக்கிறவருக்கு அந்த வரைபடத்தில் இடம் உண்டா என்பதுதான் என் கவலை.

மட்டன் ஸ்ட்ரீட்டில் கோணி இன்னும் இருந்தது. மகன் ஒரு பாபின் கேஸை எடுத்து விலை கேட்டான். அவன் கட்டைவிரலைப் பிடித்து விளிம்பில் வைத்தேன். நகம் சிக்கியது. அவனே வேறொன்றை எடுத்தான்.