சித்ரான்னத்தோட அப்பா

சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மைசூரில் பஞ்சமே இல்லை. இளவரசி ஒருத்திக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. எருமைப் பாலிலிருந்து கைக்குழந்தைக்கு உணவு செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். அது போதாதென்று 1961 முதல் ராணுவத்துக்கென்றே இன்னொரு உணவு ஆராய்ச்சிக்கூடமும் இருக்கிறது. எல்லையில் பனியில் நிற்கிற சிப்பாய்க்கு மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி செய்து பொட்டலம் கட்டித் தருகிறார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, காலை ஏழே காலுக்கு நான் டப்பாவில் வைக்கிற சப்பாத்தி மத்தியானம் பன்னிரண்டரைக்குள் அட்டையாகிவிடுகிறது.

இந்த வேலை என் தலையில் வந்ததற்கு நான்தான் பொறுப்பு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பசங்க டப்பாவுக்கு மாசம் இவ்வளவா? கொஞ்சம் திட்டம் போட்டுச் செஞ்சா பாதியில முடிக்கலாம்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான், "அப்ப நீங்களே பாத்துக்கங்களேன். எனக்கு ஆறரைக்கு டியூட்டி" என்றாள். எதிர்க்கட்சியை ஒழிக்க அதை ஆட்சியில் உட்கார வைத்தால் போதும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

என் திட்டம் ரொம்ப எளிமையானது. இரண்டு டப்பாவுக்கும் சேர்த்து நாளுக்கு 50 ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. கேஸைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் உழைப்பையும் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்திருந்தாலும் தொகை பெரிதாக ஏறியிருக்காது என்று வீட்டில் ஓர் அபிப்பிராயம் உண்டு.

நான் சத்தியமங்கலம் பக்கத்துக்காரன். திம்பம் மலை ஏறி இந்தப் பக்கம் பிழைக்க வந்தவன். படித்த காலத்தில் மத்தியானச் சாப்பாடு என்பது தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்பதோடு முடிந்தது. காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்த மதிய உணவை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெரிதாக்கினார். 1989-ல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை முட்டை வந்தது. முட்டை நாளில் எங்கள் வகுப்பில் காய்ச்சல், தலைவலி, தாத்தா சாவு எதுவும் நடக்காது. அதனால் எனக்கு டப்பா பற்றிய அனுபவம் கொஞ்சமும் இல்லை. வரிசை பற்றித்தான் உண்டு.

இப்போது எங்கள் தெருமுனையில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. கர்நாடகத்தில் மதிய உணவுக்கு 'அக்ஷர தாசோஹ' என்று பெயர். 2002-ல் வடகிழக்கு மாவட்டங்களில் ஆரம்பித்து மாநிலம் முழுக்க வந்துவிட்டது. 2013 முதல் பாலும் தருகிறார்கள். முட்டை உண்டு, முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. பதினோரு மணி வாக்கில் அங்கிருந்து கிளம்பும் சாம்பார் வாசனை எங்கள் வீட்டு ஜன்னல் வரை வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகும். நானோ வருஷா வருஷம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, என் பிள்ளைகளுக்கு அந்தச் சுடுசோறு கிடைத்துவிடாதபடி பார்த்துக்கொண்டு வருகிறேன்.

கட்டணம் வாங்குகிற பள்ளி சோறு போடாது. ஆனால் என்ன சோறு போட வேண்டும் என்று அட்டவணை போடும். திங்கள் சப்பாத்தி, செவ்வாய் சாத வகை, புதன் காய்கறி கட்டாயம், வியாழன் சிறுதானியம், வெள்ளி 'உங்கள் விருப்பம்'. சின்ன பிரேக்குக்குத் தனி டப்பாவில் பழம். வறுத்தது கூடாது, பொரித்தது கூடாது, பாக்கெட்டில் வந்தது கூடாது. இதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போட்டேன்.

காய்கறிக்குத் தேவராஜ மார்க்கெட். கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போனால் விலை இறங்கும் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிக்கொடுத்தார். போனேன். உள்ளூர்க்காரன் என்று நினைக்கட்டும், விலை குறையும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தை எல்லாம் திரட்டி, "ஹுருளிகாயி எஷ்டு?" என்று பீன்ஸைக் காட்டி அதட்டலாகக் கேட்டேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க தம்பி, பாத்துப் போட்டுத் தரேன்" என்றார், சுத்தமான தமிழில். அதற்கப்புறம் எப்படிப் பேரம் பேசுவது? கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, இலவசமாகக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மலிவு என்றால் தயிர்சாதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்கொரு சூட்சுமம் உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலையில் தயிர் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் புளித்துப்போகும். அதனால் குழைந்த சோற்றில் பாலை ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிரை உறைக்கு விட்டு, கடுகு, பெருங்காயம் தாளித்துக்கொட்டி அனுப்பினால், கணக்குப் பாடம் நடக்கும்போதே டப்பாவுக்குள் பக்குவமாக உறைந்து, சாப்பாட்டு மணி அடிக்கும்போது புதுத்தயிர் சாதமாக நிற்கும். எங்கள் அம்மா கையில் இது தப்பியதே இல்லை. ஆனால் அம்மா செய்தது சத்தியமங்கலத்து வெயிலில். நான் செய்தது மைசூர் டிசம்பரில். உறை பிடிக்க நாற்பது டிகிரியை ஒட்டிச் சூடு வேண்டும். இங்கே விடியற்காலையில் 16 டிகிரி. நானும் ஃபிரிட்ஜில் இருந்த பாலை அப்படியே ஊற்றியிருந்தேன்.

சாயங்காலம் மகளிடம் கேட்டேன், "எப்படிம்மா இருந்துச்சு?"

"பால் பாலாவே இருந்துச்சுப்பா. சோறு மிதந்துச்சு. பாயசமான்னு எல்லாரும் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

"நல்லவேளை!"

"அப்புறம் ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்துக் குடிச்சுப் பாத்தாங்க."

பாலை வெதுவெதுப்பாகக் காய்ச்சி ஊற்றி டப்பாவைத் துண்டில் சுற்றி அனுப்ப வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மா பரிகாரம் சொன்னார். சரியாக வந்தது. அதே துண்டோடு ஏப்ரலிலும் அனுப்பினேன். அந்த ஏப்ரலைப் பற்றிப் பேச வேண்டாம்.

அடுத்தது ராகி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசி, கோதுமை பக்கத்திலேயே வர முடியாது. விலையும் கட்டுப்படி. வியாழக்கிழமைச் சிறுதானியமும் தீர்ந்தது. வெங்காயம், சப்பசிகெ சொப்பு என்கிற சதகுப்பைக் கீரை, பச்சைமிளகாய் போட்டு, டப்பாவில் அடங்குகிற மாதிரி வட்ட வட்டமாக ராகி ரொட்டி தட்டினேன். தோசைக்கல்லில் இருந்து எடுத்ததும் தின்றால் அமிர்தம். ஆனால் கோதுமையில் இருக்கிற பசைப்புரதம் ராகியில் இல்லை. ஆறினால் வளையாது, ஒடியும். என்னுடையது ஒடியவும் இல்லை. அன்றைக்கு மகன் காம்பஸைக் கொண்டுபோக மறந்துவிட்டான். ரொட்டியை நோட்டில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்துவிட்டிருக்கிறான். வட்டத்துக்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் 'குட்' போட்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் என் சமையலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

கடைசியில் எல்லாத் தகப்பன்களும் வந்து சேருகிற இடத்துக்கு நானும் வந்து சேர்ந்தேன்: சித்ரான்னம். ராத்திரி மிஞ்சிய சோறு, ஒரு எலுமிச்சம்பழம், மஞ்சள்தூள், கடுகு, கடலைப்பருப்பு, நாலு வேர்க்கடலை. பத்து நிமிஷ வேலை. எலுமிச்சை விலை ஏறும் கோடையில் மாங்காயைத் துருவிப் போட்டால் அது மாவினகாயி சித்ரான்னம். அதுவும் தீர்ந்தால் தேங்காய். மிச்சச் சோறு என்பதால் அரிசிச் செலவு பூஜ்யம் என்று நோட்டில் எழுதினேன். ஆனால் சோறு மிஞ்ச வேண்டுமே என்று ராத்திரி அரை ஆழாக்கு கூடப் போட்டு வடித்தேன். அந்த அரிசியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

சிக்கனத்தின் அடுத்த கட்டமாக வேர்க்கடலையைக் குறைத்ததுதான் வினையாகப் போயிற்று. "அண்ணனுக்கு ஒம்பது, எனக்கு ஏழு" என்று சின்னவள் டப்பாவைத் திறந்து எண்ணிக் காட்டினாள். அவன் பெரியவன், அவன் வயிறு பெரிசு என்றேன். போன வாரமும் இதே கதைதான் என்றாள். கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற தமிழன் பங்கீட்டைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூடாது என்பதால் மெதுவாகவே சொல்கிறேன்: காவிரிக்கு 1990-ல் நடுவர் மன்றம் வந்துவிட்டது, எங்கள் வீட்டுக் கடலைக்கு இன்னும் வரவில்லை.

சித்ரான்னம் அடிக்கடி போனதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்தது. ஒருநாள் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். ஒரு பொடியன் என்னைக் காட்டி இன்னொரு பொடியனிடம், "சித்ரான்னத அப்பா பந்த்ரு" என்றான். சித்ரான்னத்தோட அப்பா வந்துட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வணக்கம் சொன்னேன், வேறென்ன செய்ய?

பெயரை மாற்ற அவரைக்காய்ப் பருவத்துக்குக் காத்திருந்தேன். டிசம்பர், ஜனவரியில் மைசூர்த் தெருவெல்லாம் அவரைக்காய் குவியும். அதன் மணத்துக்கு இங்கே 'சொகடு' என்பார்கள். கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்து, உப்புமாவில் போட்டால் கல்யாண வீட்டுச் சமையல் தோற்கும். பிதுக்கிய பருப்பை மார்க்கெட்டில் விலை கேட்டுவிட்டுப் பின்வாங்கி, காயாகவே வாங்கினேன். காய்தான் பை நிறைய வந்தது. உரித்துப் பிதுக்கியபின் ஒரு கிண்ணம் தேறியது. ராத்திரி பதினோரு மணிக்கு நான் பிதுக்கிக்கொண்டிருக்க, என் மனைவி எட்டிப் பார்த்து, "மணிக்கு எவ்வளவு கூலின்னு நோட்டுல எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். மறுநாள் பையன் சொன்னான்: டப்பா நன்றாக இருந்ததாம். ஆனால் பை, தண்ணீர் பாட்டில், சமூக அறிவியல் புத்தகம் எல்லாமே சொகடாம்.

திரும்பி வருகிற சோற்றைப் பற்றிச் சொல்லவில்லையே. பாதி சப்பாத்தி, கறுத்த வாழைப்பழம், ஒதுக்கிவைத்த பீன்ஸ் எல்லாம் நாலரை மணிக்கு வீடு வந்து சேரும். கீழே கொட்ட மனசு வராது. சத்துணவு வரிசையில் நின்றவனுக்கு எப்படி வரும்? நானே தின்றுவிடுவேன். பிள்ளைகளுக்கு மலிவாகச் சாப்பாடு போடும் திட்டத்தில் இந்த வருஷம் எடை கூடியது எனக்கு மட்டும்தான்.

இத்தனையும் சேர்த்து வருஷக் கடைசியில் கணக்குப் போட்டால் மிச்சம் என்று ஒரு தொகை வந்தது. நிஜமாகவே வந்தது. அதைக் காட்ட நோட்டை எடுத்துக்கொண்டு போன அன்று, சின்னவள் எவர்சில்வர் அடுக்கு டப்பாவைப் பள்ளியில் எங்கோ தொலைத்துவிட்டு வந்து நின்றாள். என் மாமியார் சீராகக் கொடுத்தது, கனமான பாத்திரம். அதே கனத்தில் இப்போது வாங்கினால் என்ன விலை என்று கடையில் விசாரித்தேன். விசாரித்துவிட்டு நோட்டை மூடிவைத்தேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே மைசூர்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பையில், மூடி கொஞ்சம் நசுங்கி, அடியில் புள்ளி புள்ளியாக 'ர. செ.' என்று தமிழில் பெயர் வெட்டிய ஈரடுக்கு எவர்சில்வர் டப்பா வந்திருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலடுக்கில் ஏழு வேர்க்கடலையோடு சித்ரான்னம் இருந்திருக்கும், அதை எதிர்பார்க்கவில்லை.