நாலு ஐம்பது இருநூறு

கார் டெக் வாங்கினால் அட்டைப்பெட்டியின் மேல் ‘50 வாட், 4 சேனல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நாலு ஐம்பது இருநூறு என்று பெருக்கிப் பார்த்துப் பூரித்துப்போகிற ரகம் நான். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடை ஒன்றில் ஒரு தம்பிதான் கணக்கைத் திருத்தினார்.

“சார், வண்டி ஓடும்போதே லைன்ல 14 வோல்ட் சொச்சம்தான். ஸ்பீக்கர் 4 ஓம். பாட்டு கிழியாம கேக்கணும்னா சேனலுக்கு இருபது வாட் தேறினா பெரிசு.”

“மீதி முப்பது?”

“அது பீக் சார். வரும், உடனே போயிடும்.”

அந்த மாதிரி வருமானத்தோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. ஆனாலும் ஓம் விதியை ஒப்பித்தே மார்க் வாங்கியவனுக்கு, அது கடைத்தெருவில் வந்து வழிமறித்தது கொஞ்சம் அவமானம்தான்.

நிஜமான வாட் வேண்டுமென்றால் தனி ஆம்ப் போட வேண்டுமாம். அது 12 வோல்ட்டை உள்ளே வாங்கி, ஏற்றி, பிறகு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். இதில் ஒரு சூட்சுமம்: வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகப் படவேண்டுமென்றால் பவர் பத்து மடங்கு வேண்டும். பில்லும் ஏறத்தாழ அந்த வழியில்தான் போகிறது. இந்த விகிதத்தை வீட்டில் எடுத்துச்சொல்ல எனக்கு இன்னும் நல்ல நாள் அமையவில்லை.

ஆம்ப் வந்தால் பரிவாரத்தோடுதான் வரும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை விரல் பருமனில் சிவப்பு ஒயர், பேட்டரியை ஒட்டியே ஒரு பியூஸ். எர்த் கொடுக்க, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போடவேண்டும். தவணை பாக்கியிருக்கிற வண்டியை நானே காசு கொடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவைத்து, பக்கத்தில் நின்று டீயும் குடித்தேன்.

கதவின் பேடைக் கழற்றினால் உள்ளே வெறும் தகரம். அதில் டாம்பிங் ஷீட் ஒட்டியதும், கதவு அம்பாசடர்க் கதவு மாதிரி ‘தொப்’பென்று மூடிக்கொண்டது. மொத்தச் செலவில் வீட்டார் பாராட்டியது இது ஒன்றைத்தான். சத்தம் போடத்தான் இவ்வளவு செலவு; சத்தம் போடாத சாமானுக்குத்தான் பாராட்டு.

மறுநாளே மனைவி சொன்னாள்: “ஏங்க, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா உள்ள யாரோ சட்னி அரைக்கறாங்க.”

அது ஆம்பின் தனிக்குணம் என்றேன். அவள் நம்பவில்லை. கடைத் தம்பியும் அவள் கட்சி. ஆல்டர்னேட்டர் இரைச்சலாம், இன்ஜின் வேகம் கூடக்கூட சுருதியும் ஏறுமாம். பவர் ஒயரும் சிக்னல் ஒயரும் ஒரே பக்கமாக ஓடியிருந்தன. ஒன்றைப் பிரித்து மறுபக்கம் கொண்டுபோனதும் சட்னி நின்றது.

பிறகுதான் பெரிய விவகாரம். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் வலது கதவு ஸ்பீக்கர் பக்கம், இடது கதவு ஸ்பீக்கர் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் கூடுதல் தூரம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் போவது 34 சென்டிமீட்டர். ஆகவே வலதுபக்கத்தை இரண்டு மில்லிசெகண்டு பிடித்துவைத்து அனுப்பினால், இரண்டும் ஒன்றாக வந்து சேரும். தம்பி ஒரு ஆப்பைத் திறந்து அதைச் செய்தார். சோதனைக்கு, பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பேசப்படும் 1978-ன் ‘ப்ரியா’. சத்தியமாகச் சொல்கிறேன், ஜேசுதாஸ் டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை மனைவி இடது சீட்டில் ஏறினாள். “இவர் ஏன் என் காலடியில உக்காந்து பாடறார்?”

அவளுக்கு இடது ஸ்பீக்கர்தான் பக்கம். தூரத்திலிருந்து வரவேண்டிய வலதையும் நான் பிடித்துவைத்திருக்கிறேன்.

“இது டிரைவர் சீட்டுக்குச் செட் பண்ணினது.”

“ஓ. வண்டியில மத்தவங்களும் வருவாங்கன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லலையா?”

ஆப்பில் ‘டிரைவர்’, ‘எல்லாரும்’ என்று இரண்டு பட்டன் போட்டு வாங்கினேன். ‘எல்லாரும்’ நிரந்தரமாக அமுங்கியிருக்கிறது. ஜேசுதாஸ் எங்கேயும் உட்காராமல் பொதுவாகப் பாடுகிறார்.

டிக்கியில் வைத்த வூஃபர் பெட்டி வேறு பேஸ் அடிக்கும்போதெல்லாம் தடதடத்து, தானும் தாளம் போட்டது. போன வாரம் மளிகைக் கடையில் பொன்னி அரிசி 25 கிலோ மூட்டையை அதன் மேல் கிடத்தினார்கள். ஐயோ என் பெட்டி என்று பதறிக்கொண்டே பாட்டைப் போட்டால், தடதடப்பே இல்லை. பேஸ் அவ்வளவு இறுக்கம்! தம்பிக்கு போன் செய்தேன். “வெயிட் விழுந்திருக்கு சார், எடுத்துராதீங்க” என்றார்.

வீட்டில் அரிசி கேட்கிறார்கள். இந்தப் பாட்டு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.