கறுப்பு வெள்ளை அத்தான்

வானம் பளிச்சென்று நீலமாக இருந்தால் எங்கள் அக்காவுக்கு அது வற்றல் போடும் நாள். அத்தானுக்கு அது துக்க நாள். "ஒரு துண்டு மேகம் இல்ல மாப்ளே, வானம் மொட்டையாக் கிடக்கு" என்று மாடியில் நின்று பெருமூச்சு விடுவார். இருட்டிக்கொண்டு வந்தால் நிலைமை தலைகீழ். அவள் வற்றலை அள்ளிக்கொண்டு கீழே ஓடி வருவாள். இவர் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவார். ஒருமுறை இருவரும் படிக்கட்டில் மோதிக்கொண்டதில் கூழ்வற்றல் அத்தனையும் சேதம். அந்த மேகம் மட்டும் நன்றாக வந்திருந்தது.

அத்தான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள், இல்லாவிட்டால் கேமரா வாங்குவார்கள். கேமரா வாங்கியவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பறவைப் பக்கம் போய்விடுவார்கள். வேடந்தாங்கலில் ஒரு நாரைக்கு நாலு பேர் காத்திருப்பதைப் பார்க்கலாம். மிச்சமிருக்கும் சிலர்தான் மலையையும் மரத்தையும் பாறையையும் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்கள். இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எதைப் பார்த்தாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் நிறம் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம். அத்தான் இட்லியையும் சட்னியையும்கூட இப்படித்தான் பார்க்கிறார். "கான்ட்ராஸ்ட் போதல" என்கிறார். உப்பைச் சொல்கிறாரோ என்று அக்கா ருசி பார்க்கிறாள்.

இதே மனிதர்தான் ஒரு காலத்தில் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியின் முகத்தில் நீலப் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து, "பாருங்க, கலர் டிவி!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டியவர். 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தபோது அவர் பட்ட சந்தோஷத்தை எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். நிறத்துக்காக அவ்வளவு அலைந்தவர், அறுபது வயதில் அதை விரட்டக் கிளம்பிவிட்டார்.

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸை அவர் வெறுமனே 'ஆடம்ஸ்' என்பார், பக்கத்துக் கிளையில் மேனேஜராக இருந்தவர் மாதிரி. 1927-இல் ஆடம்ஸ் யோசெமிட்டி மலையில் பனியில் ஏறி, ஹாஃப் டோம் என்ற பாறையின் எதிரில் போய் நின்றபோது கையில் மிஞ்சியது இரண்டே கண்ணாடித் தகடு. ஒன்றை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். மனசுக்குத் திருப்தி இல்லை. கடைசித் தகட்டை அடர்சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீலத்தை உள்ளே விடாது. வானம் கன்னங்கரேல் என்று ஆகி, பாறை பூதமாக எழுந்து நின்றது. இந்தக் கதையை அத்தான் சொல்லும்போது எனக்கே கழுத்து சில்லிடும். ஆனால் சொல்லி முடித்த கையோடு, அன்று காலை ஒரே ஒரு புளியமரத்தை எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் காட்டுவார்.

ஒருநாள் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டாள்: "கலர்ல எடுத்து, வீட்டுக்கு வந்து கலரை எடுக்குறதுக்கு, முதல்லயே எடுக்காம இருக்கலாமில்ல?"

அத்தான் கம்ப்யூட்டரைத் திறந்து வகுப்பு எடுத்தார். கேமராவுக்குள் இருக்கும் சென்சாருக்குப் பிறவியிலேயே நிறம் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடிக் கட்டங்களாக வடிகட்டி ஒட்டி நிறம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதிக் கட்டங்கள் பச்சை. அந்த நிறமெல்லாம் கோப்பில் இருந்தால்தான், பிறகு நீலத்தைத் தள்ளி வானத்தைக் கறுப்பாக்கலாம், பச்சையைத் தூக்கி இலையை வெளுக்கலாம். ஆக, கறுப்பு வெள்ளைப் படம் போட எல்லா நிறமும் வேண்டும். உலகத்தில் நிறங்களோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிறவர் ஜவுளிக்கடைச் சேல்ஸ்மேனுக்கு அடுத்தபடி இவராகத்தான் இருக்கும்.

"அந்த வடிகட்டியே இல்லாத கேமராவும் இருக்கு. 2012-ல லைக்கா கம்பெனி விட்டான். கறுப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கும். விலை சில லட்சம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"கலர் கிடையாது, அதுக்குக் கூடுதல் காசா?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

இந்தக் கலையில் எனக்குப் பிடித்தது, இதில் தோல்வி என்பதே இல்லாததுதான். படம் வெளுத்துப்போனால் 'ஹை கீ'. கறுத்துப்போனால் 'லோ கீ'. புள்ளிபுள்ளியாக வந்தால் 'க்ரெயின்'. கை ஆடியிருந்தால் 'மூட்'. வங்கியில் வாராக்கடனுக்கு இப்படி நாலு பெயர் இருந்திருந்தால் மனிதர் பொது மேலாளராக ஓய்வு பெற்றிருப்பார்.

இவர்களுக்கு யாத்திரைத் தலங்களும் உண்டு. தனுஷ்கோடி முதல் தலம். 1964 டிசம்பர்ப் புயல் மிச்சம் வைத்த அந்தத் தேவாலயச் சுவரை எடுக்காதவர் இந்த வட்டாரத்தில் ஆளே இல்லை. சுவருக்கு முன்னால் யாரும் வந்துவிடக் கூடாது. வந்தால், "சார், ஃப்ரேம்ல நிக்கிறீங்க" என்று குரல் வரும். அக்கா அங்கே போன இரண்டு தடவையும் ஃப்ரேமுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

2018-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. அதிகாலை நாலரை மணிக்கு அத்தான் எங்களை எழுப்பி, பல்லைக்கூடத் தேய்க்கவிடாமல் ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார். பனி விலகியதும் மலையே நீலமாக இருந்தது. நீலம் என்றும் சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. பட்டுப்புடவையைத் திருப்பினால் மாறுகிற நிறம். அக்கா வாயடைத்து நின்றாள். அத்தான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

"டோன் அருமை" என்றார்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் தவம். நீலத்தை ஏற்றினார், பச்சையை இறக்கினார். பூவெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகி, செடி கரியாக இருண்டது. இரண்டடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, கூடத்தில் மாட்டினார். விளாத்திகுளத்திலிருந்து அவர் அம்மா வந்திருந்தார்கள். ஆயுசு முழுக்கக் கரிசல் காட்டில் கிடந்தவர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார்கள்.

"பருத்தி நல்லா வெடிச்சிருக்கேய்யா. யாரு காடு?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அத்தான் முகம் லோ கீயில் இருந்தது.

"பருத்தி இல்லம்மா. குறிஞ்சிப்பூ."

"குறிஞ்சி நீலம்லா?"

அவர் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, எங்கோ அடியில் கிடந்த மூலக் கோப்பைத் தேடி எடுத்தார். திரை முழுக்க அந்த மலை நீலமாக வந்து நின்றது. "ஏ யப்பா!" என்று கிழவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரும் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"கலர் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதுல்ல மாப்ளே?"