செத்த புல்லும் சிக்கிய காண்ட்ராக்டரும்

கலிபோர்னியாவில் வீட்டைச் சுற்றிப் புல்தரை பதிப்பது, மரம் நடுவது, கல் பாவுவது, நீர்க்குழாய் புதைப்பது போன்ற வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர், மாநிலக் காண்ட்ராக்டர் உரிம வாரியத்திடம் சி-27 என்னும் வகை உரிமம் பெற்றிருக்க வேண்டும். 1929இல் தோன்றிய அந்த வாரியத்தின் தலைமையகம் சேக்ரமென்டோவில் இருக்கிறது. உரிமம் சும்மா கிடைத்துவிடாது. நான்கு ஆண்டுத் தொழில் அனுபவம், சட்டத்தில் ஒரு தேர்வு, தொழிலில் ஒரு தேர்வு, கைரேகை, அதன்மேல் 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் (2023க்கு முன் 15,000). கிடைத்த பிறகு உரிம எண்ணை விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் அச்சிட வேண்டும். வேலை வண்டியில் முக்கால் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் பொறிக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தவருக்குக் கிடைக்கும் முதல் சலுகை, யார் வேண்டுமானாலும் அவர்மேல் சுலபமாகப் புகார் கொடுக்கலாம் என்பதே.

உரிமமில்லாத ஆள் செய்த வேலை கெட்டுப்போனால், அவருடைய கைப்பேசி எண் மறுவாரம் உபயோகத்தில் இருக்காது. உரிமக்காரருக்கோ எண், முகவரி, பிணை, பதில் சொல்லும் கடமை எல்லாம் உண்டு. கோபம் வந்தவருக்குக் கையில் அகப்படுகிற ஆள்தான் குற்றவாளி. அகப்படுவதற்கென்றே பதிவு செய்துகொண்டவர் காண்ட்ராக்டர்.

தவறான புகாரில் ஆள் மாறாட்டம் ஒரு வகை. கிரீன், லீஃப், ஓக், நேச்சர் என்ற நான்கு சொற்களை இடம் மாற்றிப் போட்டே ஒரு கவுன்டியின் தோட்டக் கம்பெனிகள் அத்தனைக்கும் பெயர் வைத்துவிடலாம். பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ‘கிரீன் லீஃப்’ போட்ட நடைபாதை ஆடினால் ‘லீஃப் கிரீன்’ வீட்டுக்குக் கடிதம் போகிறது. இதைத் தடுக்கத்தான் உரிமத்துக்கு எண் இருக்கிறது. ஆனால் கோபம் வந்த மனிதர் பெயரை நினைவில் வைத்திருப்பார், எண்ணை வைத்திருக்க மாட்டார். இன்னொரு மாறாட்டம் திட்டமிட்டது. உரிமமில்லாத ஒருவர் வேறொருவருடைய எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அடித்துக்கொண்டு வேலை பிடிப்பது. இது கலிபோர்னியாவில் தண்டனைக்குரிய குற்றம். எண்ணுக்கு உரியவருக்கு அது தெரியவருவது, தான் போகாத ஊரில், பார்க்காத வீட்டில், கட்டாத சுவர் சரிந்துவிட்டது என்ற கடிதம் வந்து சேரும்போதுதான்.

வாராவாரம் வந்து புல் வெட்டி, இலை ஊதிவிட்டுப் போகும் தோட்டக்காரர் கணக்கே வேறு. அந்த வேலைக்குச் சி-27 தேவையில்லை. 15 அடிக்கு உட்பட்ட மரத்தைப் போகிற போக்கில் கழித்துவிடவும் தேவையில்லை. 2025 முதல் 1,000 டாலருக்குக் குறைந்த சிறு வேலைக்கும், கட்டட அனுமதி வேண்டாததாகவும் கூலியாள் வைக்காததாகவும் இருந்தால், உரிமம் கேட்பதில்லை. ரோஜாவை மொட்டையடித்தவர் இந்தத் தோட்டக்காரர். ஆனால் புகார் போவதோ போன வருஷம் ரோஜாவை நட்ட காண்ட்ராக்டர்மேல்.

ஆள் சரியாக இருந்து காரணம் தவறாகப் போவது அடுத்த வகை. நகைச்சுவைக்கு இதுவே வளமான நிலம். அந்த மாநிலத்தில் பெர்முடா புல் பரவலாகப் போடப்படுகிறது. நம்மூர் அறுகம்புல்தான் அது. விஞ்ஞானப் பெயர்கூட ஒன்றே. குளிர் வந்தால் அது உறக்கத்துக்குப் போய் வைக்கோல் நிறமாகிவிடும். அக்டோபரில் பணம் கட்டிப் பச்சையாக வாங்கியவர் டிசம்பரில் பார்த்தால் முற்றமெல்லாம் வைக்கோல் பரப்பிக் கிடக்கும். கிரேப் மிர்ட்டில் மரமும் அப்படியே. குளிர்காலம் முழுவதும் குச்சியாக நிற்கும். அக்கம்பக்கத்து மரங்களெல்லாம் தளிர்விட்ட பிறகும் சோம்பேறித்தனமாகச் சில வாரம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில வாரம்தான் புகாரின் பருவகாலம்.

ஃப்ரீமான்ட், சான் ரமோன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதற்கொரு தனி அத்தியாயம் உண்டு. அதன் பெயர் கறிவேப்பிலை. குளிரில் அது இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற பூச்சிக்குக் கறிவேப்பிலையும் இருப்பிடமாவதால், தடுப்பு எல்லை வகுக்கப்பட்ட பகுதியிலிருந்து செடியை நினைத்தபடி எடுத்துப் போகவும் முடியாது. ஆகவே ஒரு செடி மொட்டையாவது அந்த வீட்டில் சாதாரணச் சேதமல்ல, ரசத்தின் எதிர்காலம் பற்றிய கேள்வி. முற்றத்தில் கல் பாவ வந்த காண்ட்ராக்டருக்கு, மூலையில் இருந்த தொட்டியைச் சற்றே நகர்த்தி வைத்ததற்காக ஒரு குடும்பமே ஏன் தன்னை அப்படிப் பார்க்கிறது என்று எந்த உரிமத் தேர்வும் சொல்லிக்கொடுத்திருக்காது.

மரம் உயிரோடிருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. சிறு கிளையில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால், அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. ஒரு நொடி வேலை. புகார் எழுத ஒரு மாலைப்பொழுது ஆகும். இருந்தும் மக்கள் எழுதுவதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தண்ணீர் விவகாரம் இதைவிடச் சிக்கல். களிமண் நிலத்தில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் இலை துவளும். தண்ணீர் போதாவிட்டாலும் இலை அதேபோலத்தான் துவளும். வீட்டுக்காரர் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருக்கிறார்: இன்னும் கொஞ்சம் தண்ணீர். அதற்குத் துணையாகச் சுவரில் ஒரு டைமர். இந்தக் கருவியில் தொடங்கும் நேரத்தை ஒரு முறை கொடுத்தால் போதும். அது வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே திறந்து மூடும். ஆனால் ஆறு வால்வு இருப்பதைப் பார்த்தவர், ஆறுக்கும் ஒவ்வொரு நேரம் வேண்டும்போலும் என்று ஆறு தொடக்க நேரங்களைப் பதித்துவிடுவார். தோட்டம் முழுவதும் ஒரே நாளில் ஆறு தடவை நனையும். செடி அழுகும், தண்ணீர்க் கட்டணம் ஏறும், காண்ட்ராக்டர் குழாயை ஒழுகவிட்டுப் போய்விட்டார் என்று புகார் எழும். மறுகோடியில், புல்தரையின் ஒரு மூலை மட்டும் காய்ந்தால், காலி டூனா மீன் டப்பாக்களை அங்கங்கே வைத்துத் தெளிப்பானைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, எந்த டப்பாவில் எவ்வளவு நீர் விழுந்தது என்று அளப்பது அம்மாநில வேளாண் விரிவாக்கத்துறையினரே சொல்லும் முறை. எல்லாவற்றிலும் ஒரே அளவு நிறைந்து, அந்த மூலை மட்டும் காய்ந்திருந்தால், விசாரணையைத் தெளிப்பானிடமிருந்து நாயின் பக்கம் திருப்ப வேண்டும்.

எல்லாப் புகாரும் தவறு என்று இதற்குப் பொருளில்லை. மண்ணிலிருந்து வெளிவரும் இடத்தில் அடிமரம் கொஞ்சம் அகன்றிருக்க வேண்டும். மின்கம்பம்போல நேராக இறங்கினால் ஆழமாக நட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம். மழைநீர் வீட்டுச் சுவரை நோக்கி ஓடினாலும் சரிவு தவறிவிட்டது. இவை காண்ட்ராக்டரின் பிழைகள். இவற்றில் புகாரைத் திரும்பப் பெறுவது பெருந்தன்மையல்ல, நஷ்டம்.

அண்டை வீட்டு மரத்தைக் காண்ட்ராக்டர் வெட்டிவிட்டார் என்ற வழக்கில் சட்டமே தெளிவாக இருக்கிறது. அடிமரம் முழுவதும் ஒருவர் நிலத்தில் நின்றால், வேர் எங்கே ஓடினாலும் மரம் அவருடையது. அடிமரம் இரண்டு நிலத்திலும் நின்றால் மரம் பொது. சிவில் சட்டத்தின் 833, 834ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. பிறர் மரத்துக்கு அநியாயமாகச் சேதம் செய்தால் நஷ்ட ஈடு இரட்டிப்பாகவும் மும்மடங்காகவும் ஏறலாம் என்கிறது 3346ஆம் பிரிவு. மும்மடங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அதுவரை யாரும் ஏறிட்டுப் பார்க்காத மரம் குடும்ப உறுப்பினராகிவிடுகிறது. பல நேரங்களில் ஒரு சர்வேயர் வந்து எல்லையை அளந்ததும், மரம் முதலிலிருந்தே வெட்டச் சொன்ன வாடிக்கையாளருடையது என்று தெரிந்து பிரச்சினை முடிகிறது. அண்டை வீட்டு உறவு முடிந்தது முடிந்ததுதான்.

புகார் வாரியத்துக்குப் போனால் நடப்பது பலர் எதிர்பார்ப்பதைவிட அமைதியான காரியம். படிவத்துடன் ஒப்பந்தம், செக் நகல், புகைப்படம் ஆகியவற்றை இணைக்கச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்குப் பொதுவாக நான்கு ஆண்டு கெடு. வாரியம் காண்ட்ராக்டருக்கும் தகவல் அனுப்பி, முதலில் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. தீராவிட்டால் வாரியத்தின் பிரதிநிதி ஒருவர் இடையில் நின்று பேசுவார். அதற்கும் மசியாவிட்டால் புலனாய்வு, துறை நிபுணரின் நேரடிப் பார்வை, நடுவர் மன்றம் என்று போகும். சாதாரணப் புகார் ஒன்று வந்த மாத்திரத்தில் காண்ட்ராக்டரின் பொதுப் பதிவில் ஏறுவதில்லை என்பது இதில் நல்ல ஏற்பாடு. பிணைக்குப் போவது அப்படியல்ல. அது காப்பீடு என்று நினைத்துப் பலர் கை நீட்டுகிறார்கள். பிணை நிறுவனம் கொடுக்கும் பணத்தைப் பின்னர் காண்ட்ராக்டரிடமே வசூலிக்கும்.

ஆள் மாறிய வழக்கு காகிதத்தில் தீரும். ஒப்பந்தத்தில் உள்ள எண், கையெழுத்து, செக்கை மாற்றியவர் பெயர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். வீட்டு வேலைக்கு முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது என்பது விதி. பாதித் தொகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனவர் யாராக இருந்தாலும் உரிமத்தைப் பயந்து காப்பவராக இருந்திருக்க மாட்டார். காரணம் மாறிய வழக்கு தோட்டத்தில் தீரும். இங்கே காண்ட்ராக்டருக்கு உதவுவது வாதம் அல்ல, வேலை முடிந்த அன்று எடுத்த படமும், டைமரை எப்படி வைத்தோம் என்ற குறிப்பும். கோபித்துக்கொண்டு பதில் அனுப்பாமல் இருப்பவர் தன் தரப்பைத் தானே மூடிவைக்கிறார்.

தவறு புரிந்தபின் புகாரைத் திரும்பப் பெறப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு வாரியத்துக்கு எழுதினால் போதும். காரணத்தையும் எழுதுவது முறை. ‘சமரசமாகிவிட்டது’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘இவர் அந்த வேலையைச் செய்தவரே அல்ல’ என்று எழுதுவது காண்ட்ராக்டருக்கு உதவும். அதோடு கடமை முடிந்துவிடாது. அரசு அமைப்பிடம் கொடுத்த புகாருக்குச் சிவில் சட்டத்தின் 47ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தெரு முழுவதும், வாட்ஸ்அப் குழு முழுவதும் பரப்பியதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தக் குழுவில் ஏமாற்றுக்காரன் என்று போட்டதற்கு அறுபது பேர் கட்டைவிரல் காட்டியிருப்பார்கள். திருத்தம் போட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். ஆனாலும் அதே குழுவில், அதே அளவு நீளத்தில் போடத்தான் வேண்டும்.

மன்னிப்பை நேரில் கேட்பது நல்லது. கூடவே சின்ன வேலை ஒன்றைக் கொடுப்பது இன்னும் நல்லது. காண்ட்ராக்டர் அதை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். ஏற்றுக்கொண்டால் புதிய ஒப்பந்தத்தில் முன்பு இல்லாத ஒரு வரி இருக்கும்: ‘இந்த மரம் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும், அது இறப்பு அன்று.’ அதன் பக்கத்தில் வீட்டுக்காரர் சுருக்கொப்பம் இடுவதற்கு ஒரு சிறு கட்டமும் இருக்கும்.