நீலத்தில் எந்த நீலம்?

பொங்கல் நெருங்கினால் பெயின்ட் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த வருஷம் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டதுபோல நீலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஷேட் கார்டில் நான்கு இளநீலங்களை டிக் செய்து வைத்திருக்கிறேன். நான்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை எடுப்பது?
— மடிப்பாக்கம் வாசகி

நான்கில் வெளிறியதை. கார்டில் இருப்பது தபால்தலை அளவு. சுவரில் வருவது நூறு சதுர அடி. பரப்பு கூடக்கூட நிறம் அழுத்தமாகத் தெரியும். போதாததற்கு நான்கு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று நீல வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொள்ளும். கார்டில் ‘கொஞ்சம் சோகையாக இருக்கிறதே’ என்று தோன்றுவதுதான் அறையில் அளவாக இருக்கும். கார்டிலேயே ‘ஆகா’ என்று சொல்லவைத்த நீலம், அடுத்த பொங்கலுக்கு மறுபடி பெயின்டரைத் தேடவைக்கும்.

கடையில் பளிச்சென்று இருந்த நீலம் வீட்டுச் சுவரில் சாம்பலாகத் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— திருச்சி வாசகர்

ஏமாற்றியது விளக்கு. வெளிச்சத்தில் நீலம் இருந்தால்தானே சுவர் அதைத் திருப்பி அனுப்பும்? அட்டையில் 6500 கெல்வின் என்று போட்ட ‘கூல் டேலைட்’ எல்.இ.டி.யில் நீலம் தாராளம். 2700, 3000 என்று போட்ட ‘வார்ம் ஒயிட்’ பல்பில் மஞ்சள் தூக்கல், நீலம் பஞ்சம். அதன் கீழே இளநீலம் சாம்பல் பூக்கும். சில நீலங்கள் பச்சையாகவே கட்சி மாறிவிடும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வெவ்வேறு நிறமிகளில் கலக்கிய இரண்டு நீலங்கள் ஒரு விளக்கின் கீழ் அச்சு அசலாக ஒன்றுபோல நிற்கும். விளக்கை மாற்றினால் ஒன்று ஊதாப் பக்கம் ஓடும், மற்றது பச்சைப் பக்கம். மெட்டமெரிசம் என்று இதற்குப் பெயர். பெயரெல்லாம் தெரியாமலே நம் வீட்டுப் பெண்கள் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தாயிற்று: மேட்சிங் பிளவுஸ் எடுக்கும்போது துணியையும் புடவையையும் கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்ப்பார்களே, அதுதான்.

சுவரை வாசலுக்குத் தூக்க முடியாது, பலகையைத் தூக்கலாம். இரண்டடி பிளைவுட் துண்டில் வெள்ளை பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். காலையில் ஜன்னலோரம், மதியம் எதிர்ச்சுவர், ராத்திரி விளக்கடியில் என்று மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். அந்த அறையில் எந்த நேரத்தில் அதிகம் இருக்கிறீர்களோ, அந்த நேரத்துத் தீர்ப்புதான் செல்லும். ஹாலுக்கு ராத்திரி, சமையலறைக்குக் காலை.

வடக்கு ஜன்னல் அறைக்கு நீலம் ஆகாது, குளிர்ச்சி காட்டும் என்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். உண்மையா?
— வேலூர் வாசகர்

லண்டனுக்கு உண்மை. வேலூரில் ஓர் அறை குளிர்ச்சி காட்டினால் வாடகையே கூட்டிக் கேட்கலாம். அதோடு மே, ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வரும். நீங்கள் யோசிக்க வேண்டியது மேற்கு அறையைப் பற்றி. சாயங்கால வெயிலின் ஆரஞ்சு விழுந்தால் இளநீலம் அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். அங்கே கொஞ்சம் அழுத்தமான நீலமாக எடுங்கள்.

வாஸ்துப்படி எந்த நீலம் நல்லது?
— கும்பகோணம் வாசகி

வாஸ்துக்காரர் திசை சொல்வார். ஷேட் நம்பர் சொல்லி நான் பார்த்ததில்லை. கிடைத்த சுதந்திரத்தை அனுபவியுங்கள்.

நான் நீலம் என்கிறேன், வீட்டுக்காரர் பச்சை என்கிறார். ஒரே சுவர்தான். யார் சொல்வது சரி?
— கோவை வாசகி

2015-இல் ஒரு கவுனின் போட்டோ உலகத்தையே இரண்டு கட்சியாக்கியது. பாதிப்பேருக்கு நீலம்-கறுப்பு, மீதிப்பேருக்கு வெள்ளை-தங்கம். கவுன் என்னவோ நீலம்-கறுப்புதான். வெளிச்சம் இப்படி இருக்கும் என்று மூளை தானாக ஊகித்துக்கொள்வதால் வரும் வினை இது.

பக்கத்து நிறமும் சும்மா இருக்காது. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரெல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்திருந்தது. இதை வைத்து 1839-இல் பெரிய புத்தகமே எழுதிவிட்டார். உங்கள் வீட்டில் ஊதா சோபா இருந்தால் நீலம் பச்சைப் பக்கம் சாயும். வெள்ளைத் தாளில் ஓட்டை போட்டு, சுவரில் ஒட்டி, இருவரும் அதன் வழியே பாருங்கள். அப்போதும் பச்சை என்றால், சோபா அவர் வாங்கியதா என்று விசாரியுங்கள்.

எழுபது வயது அப்பாவிடம் ஐந்து நீலங்களைக் காட்டினால் ‘எல்லாம் ஒண்ணுதான், விலை குறைஞ்சதை வாங்கு’ என்கிறார். கருமித்தனமா?
— ஈரோடு வாசகர்

கண்ணாகவும் இருக்கலாம். வயதானால் விழிவில்லை மஞ்சளடித்துப் போகும்; உள்ளே வரும் நீலத்தை வழியிலேயே வடிகட்டிவிடும். அந்த வில்லையை எடுத்துவிடும் கண்புரை அறுவை சிகிச்சையை ஓவியர் மோனே 1923-இல் செய்துகொண்டபின், எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார். அப்பா கண்புரை அறுவை செய்துகொண்டவராக இருந்தும் அதையே சொன்னால், நீங்கள் முதலில் சொன்னதுதான் காரணம்.

பெயின்டர் அடித்தது ஒரு மாதிரி இருந்தது. ‘காய்ஞ்சா வெளுத்துரும் சார்’ என்றார். காய்ந்தபின் இன்னும் கறுத்துவிட்டது!
— தாம்பரம் வாசகர்

அவர் சொன்னது சுண்ணாம்புக் காலத்துப் பாடம். சுண்ணாம்பு காய்ந்தால் வெளுக்கும். எமல்ஷனில் இருக்கும் பைண்டர் ஈரத்தில் பால்போல வெள்ளையாக இருந்து, காயும்போது தெளிந்துவிடும்; அதனால் நிறம் அழுத்தமாகும். ஈரச் சுவரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பாட்டி சுண்ணாம்பில் நீலப்பொடி கலந்து வெள்ளையடிப்பார். அது என்ன சரக்கு?
— காரைக்குடி வாசகி

அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் சுரங்கக் கல்லை அரைத்துத்தான் இதை எடுத்தார்கள். செயற்கையாகச் செய்பவருக்குப் பிரான்சில் 1824-இல் 6,000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள். கிமே என்பவர் 1828-இல் அதைத் தட்டிச் சென்றார். களிமண், சோடா, கந்தகம் போட்டுச் சுட்ட சரக்கு. ராஜாக்கள் வாங்கிய நீலம் பெட்டிக்கடைக்கு வந்தது அப்படித்தான். சுண்ணாம்பின் காரத்தை இது தாங்கும். பிரஷ்யன் நீலத்தைப் போட்டிருந்தால் காரத்தில் சிதைந்து பழுப்பாகியிருக்கும். பாட்டி கைராசிக்காரர். சொட்டு நீலம் வேறு சரக்கு, அது சாயம்.

எம்.எஸ். நீலம் என்று காஞ்சிப் பட்டில் வருகிறதே, அதைச் சுவருக்கு அடிக்கலாமா?
— மயிலாப்பூர் ரசிகை

அந்த நீலத்தில் பாதி பட்டின் மினுமினுப்பு. மேட் பெயின்டில் அதே நிறத்தை வாங்கினால் சப்பென்று ஆகிவிடும். ஷீன் ரகத்தில் வாங்கி ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள், மற்ற மூன்றும் வெண்மை. ஆனால் ஷீன், பட்டி பார்த்ததில் உள்ள குறையையெல்லாம் ஊருக்குச் சொல்லிவிடும்.

டின் தீர்ந்து, அதே எண் சொல்லி இன்னொன்று வாங்கினோம். திட்டுத் திட்டாகத் தெரிகிறது.
— சேலம் வாசகர்

எண் ஒன்றுதான்; மெஷின் கலக்கிய நாள் வேறு. ஒரு துளி கலரன்ட் கூடினாலும் இளநீலம் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா டின்னையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். இனி அந்தச் சுவர் முழுவதையும் புது டின்னால் மூலைக்கு மூலை அடித்துவிடுங்கள். மூலையில் வித்தியாசம் ஒளிந்துகொள்ளும்.

புதிதாக நீலம் ஏதாவது வந்திருக்கிறதா?
— நாகர்கோவில் வாசகர்

2009-இல் ஒன்று வந்தது. கண்டுபிடித்தவர் நம் சென்னைக்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மாஸ் சுப்பிரமணியன். அமெரிக்காவின் ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மின்னணுச் சாதனங்களுக்கான பொருளைத் தேடி இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைச் சூளையில் சுட, வெளியே வந்ததோ அட்டகாசமான நீலம். யின்மின் நீலம் என்று பெயர். அகச்சிவப்புக் கதிரைத் திருப்பியடிப்பதால் வெயில் சூட்டுக்கும் நல்லது. இண்டியம் விலையைக் கேட்டால் பழைய நீலமே அழகாகத் தெரியும்.

மூன்று மாதமாக இரண்டு நீலத்துக்கு நடுவே தவிக்கிறோம். ஒரு வழி சொல்லுங்கள்.
— மதுரைத் தம்பதி

இரண்டையும் தனித்தனிப் பலகையில் அடித்து, பின்பக்கம் எண் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுக் கலைத்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது எதென்று சொல்ல முடியவில்லையா? விலை குறைந்ததை வாங்குங்கள். முடிந்தால், இருவரில் அந்த அறையைப் பெருக்குபவர் எதைக் காட்டுகிறாரோ அது. வாங்கியதும் ஷேட் எண், பேஸ், தேதி மூன்றையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் காலி டின்னை பெயின்டர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.