பாதி பாட்டில் பிரேக் ஆயில்: ஓர் ஆய்வு

பழைய வேன் வைத்திருப்போர் எந்த ஊரினராயினும், எத்தொழில் செய்வோராயினும், அவர்களிடம் பாதி தீர்ந்த பிரேக் ஆயில் பாட்டில் ஒன்று இருந்தே தீரும். பழைய வேனுக்குரிய பிரேக் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, அதை ஊற்றுவது எவ்வாறு என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாயினும், அந்தப் பாதி பாட்டிலைத் தாண்டாமல் விடையை நெருங்க முடியாது. இக்கட்டுரையாளரும் அந்தப் பாட்டில் வைத்திருக்கும் இனத்தைச் சேர்ந்தவரே ஆதலின், ஆய்வில் முழு நடுநிலையை எதிர்பார்த்தல் வேண்டா.

ஆய்வுக்குரிய வண்டி மாருதி ஆம்னி. 1984-இல் ‘மாருதி வேன்’ என்று வெளிவந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாற்றம் பெற்று, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட இவ்வண்டி, பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாணச் சமையல் பாத்திரங்களையும் சுமந்ததோடு, தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகிகளைக் கடத்துவதற்கும் பயன்பட்டது. இன்று சாலையில் ஓடும் ஆம்னிகளில் மிக இளையதும் பழைய வண்டியே. அத்தகைய ஒன்றுக்குச் சென்ற வாரம் ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் ஊற்றப்பட்டது. ஊற்றிய பாட்டிலுக்கு மூடி இல்லை. வாயில் பாலித்தீன் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். உள்ளிருந்த திரவம் கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது. ‘இது டாட் 3-ஆ, டாட் 4-ஆ?’ என்று வண்டிக்காரர் கேட்டதற்கு, ‘எல்லாம் ஒண்ணுதான் சார், ஊத்துனா வண்டி ஓடும்’ என்று விடை வந்தது. வண்டி ஓடுவதற்குப் பிரேக் ஆயில் தேவையே இல்லை என்பதும், நிற்பதற்குத்தான் அது வேண்டும் என்பதும் அங்கிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இதில் கூடுதல் எரிச்சல் தருவது, பட்டறைக்காரர் சொன்னது முழுப்பொய்யும் அன்று என்பதாகும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச்சுருக்கம். பிரேக் ஆயில் எத்தனை வெப்பம் தாங்க வேண்டும் என்று அத்துறை வகுத்த தரங்களையே அதன் பின்வரும் எண்கள் குறிக்கின்றன. புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரையிலும், புதிய டாட் 4 குறைந்தது 230 பாகை வரையிலும் கொதிக்காமல் இருத்தல் வேண்டும். இரண்டும் கிளைக்கால் ஈதர் என்னும் வேதிப்பொருள் வகையை அடிப்படையாகக் கொண்டவை, ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை, டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றினாலும் பொதுவாகத் தீங்கில்லை. ஆகவே பட்டறைக்காரரின் கூற்றில் பாதி உண்மை. மற்றப் பாதி, எண் பெரிதானால் சரக்கும் உயர்ந்தது என்று எண்ணி டாட் 5 வாங்கி வருபவரின் தலையில் விடிகிறது. டாட் 5 என்பது சிலிகோனால் ஆனது, ஊதா நிறமுடையது, மற்றவற்றோடு கலக்கக் கூடாதது. ஆனால் டாட் 5.1 மீண்டும் கிளைக்கால் வகையே, மற்றவற்றோடு கலக்கக்கூடியது. ஒரு புள்ளியும் ஒரு ஒன்றும் சேர்ந்தால் பொருளே மாறிவிடும்படி எண்ணிட்டவர்கள், உதிரிபாகக் கடையின் மங்கிய விளக்கொளியில் கண்ணாடி இல்லாமல் நிற்பவரை ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனிப் பாதி பாட்டிலுக்கு வருவோம். கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எடையில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையிலும் அது எத்தனை பாகையில் கொதிக்கும் என்பதை ‘ஈரக் கொதிநிலை’ என்பர்; டாட் 3-க்கு அது குறைந்தது 140, டாட் 4-க்கு 155. அதாவது, திறந்து வைத்த பாட்டில் சும்மா இருந்தே தரம் இழக்கிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதற்குத் தனியாக முயற்சி எதுவும் தேவையில்லை. இத்தனை தெரிந்தும் அந்தப் பாட்டிலை எவரும் எறிவதில்லை. அதன் வாழ்க்கை வரலாறு விரிவான ஆய்வுக்குரியது.

அது முதலில் வேனின் பின்சீட்டுக்குப் பின்னால் குடியேறுகிறது. அங்கே ஏற்கெனவே கால் பாட்டில் கூலண்டும், டிஸ்டில்டு வாட்டர் கேனும், கிரீஸ் டப்பாவும், ‘நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்’ என்று கழற்றி வைத்த பழைய ஸ்பார்க் பிளக்குகளும் வாழ்ந்து வருகின்றன. சில மாதங்களில், விருந்தினர் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்ற காரணத்தால், அது வீட்டுப் பரணுக்குக் குடிபெயர்கிறது. ‘இதைத் தூக்கிப் போட்டுரட்டுமாங்க?’ என்னும் வினா பொங்கலுக்குப் பொங்கல் எழுகிறது. ‘இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்’ என்னும் விடை மாறுவதில்லை. அந்த ஆத்திர அவசரம் எது என்று இதுகாறும் எவரும் வரையறுத்ததில்லை. ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, இந்தப் பாட்டிலும் துடைக்கப்பட்டு அவ்வரிசையில் இடம்பெறுகிறது. ஆண்டுதோறும் பொட்டின்மேல் பொட்டாக ஏறிய சந்தனம், உற்பத்தித் தேதி அழிந்துபோன பாட்டிலின் வயதைக் கணிக்க உதவும் ஒரே சான்றாக எஞ்சுகிறது.

அதன் பின்னர் அதற்குச் சமூக மதிப்பும் ஏற்படுகிறது. எதிர்வீட்டுக்காரர் வந்து, ‘அண்ணே, கொஞ்சம் பிரேக் ஆயில் இருக்குமா?’ என்று கேட்கும்போது, கடனாகச் சர்க்கரை கொடுப்பவரின் முகத்தில் காணாத பெருமிதம் பாட்டில்காரரின் முகத்தில் தோன்றுகிறது. அவர் ஏணி போட்டுப் பரணில் ஏறுகிறார். ஈரம் குடித்துக் கறுத்த அந்தத் திரவத்தை, வாங்குபவரின் உயிர் அதில் தொங்குகிறது என்னும் எண்ணம் சிறிதுமின்றி, வள்ளல்களுக்கே உரிய பெருந்தன்மையோடு சாய்த்துக் கொடுக்கிறார். பெற்றுக்கொள்பவரும் தம் தேவை போக எஞ்சியதைத் தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றி வைக்கிறார். இவ்வாறு பெயரும் தேதியும் இழந்த புதிய தலைமுறை ஒன்று பிறக்கிறது. இத்தலைமுறையே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அதனுள் இருப்பது பிரேக் ஆயிலா, பவர் ஸ்டீயரிங் ஆயிலா, எஞ்சின் ஆயிலா என்பதை மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நிபுணர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் சிறிதளவு பிரேக்குக்குள் புகுந்தாலும், அங்குள்ள ரப்பர் வாஷர்கள் உப்பிப்போய், மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க நேரும். அப்போது மிச்சம் பிடித்த அரை பாட்டிலின் விலை தெரியவரும். வேனை விற்கும் நாளிலும் இவ்வரலாறு முடிவதில்லை. ‘இதையும் வெச்சுக்குங்க, உபயோகப்படும்’ என்று வாங்குபவரிடம் அது ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து ஒப்படைக்கப்படுகிறது.

ஊற்றும் முறையைப் பற்றி இனியேனும் கூறியாக வேண்டும். ஆனால் அதற்கு முன், ஊற்ற வேண்டுமா என்பது தீர்க்கப்பட வேண்டும். பிரேக் பேட்கள் தேயத் தேய, சக்கரத்துப் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து கூடுதல் ஆயிலைப் பிடித்துக்கொள்வதால் தொட்டியில் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பே. அதைக் கண்டு மேல்கோடு வரை ஊற்றி வைத்தால், புதிய பேட் போடும் நாளில் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டு, ஆயில் பொங்கி வழிந்து, விழுந்த இடத்துப் பெயிண்டை அரித்துவிடும். மட்டம் திடீரென்று இறங்குமானால் எங்கோ கசிவு என்று பொருள். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புபவரைக் கண்டு சிரிக்கும் ஊரில், கசியும் பிரேக்கில் ஆயில் நிரப்புபவரைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. பழைய ஆயிலைக் கழித்துப் புதியதை ஏற்றுவதே வேலை. பல வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை அதைச் செய்யச் சொல்கிறார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து நிப்பிளைத் திறந்து மூடி, ‘அடி, பிடிச்சுக்கோ, விடு’ என்று குரல் கொடுத்துக் காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவர். சற்று மேலே ஊற்றினால் தீரும் வேலைக்கு இருவர் எதற்கு என்று கேட்பவர், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவராகவும் பெரும்பாலும் இருப்பார். தொடர்ந்து மிதிபட்டுப் பிரேக் சூடேற, ஈரம் குடித்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்க முடியும். ஆதலால் பெடல் தரைவரை போகும், வேன் தன் போக்கில் போகும்.

உரிய வகை எது என்னும் முதல் வினாவுக்கு விடை, பெரும்பாலான வண்டிகளில் பிரேக் ஆயில் தொட்டியின் மூடி மீதே எழுதப்பட்டிருக்கிறது. மூடியைத் துடைத்தால் தெரியும். அதைப் படித்துவிட்டு, சீல் உடைக்காத பாட்டிலில் மிகச் சிறியதை வாங்குங்கள். பரணில் இருப்பதைச் சாக்கடையில் ஊற்றாமல் கழிவாகப் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்; அவர்கள் அதை அடுத்த வண்டிக்கு ஊற்றாதபடி அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.